ஏழு மணிக்கு எட்டுப் புள்ளி இரண்டு

"ஆள் எங்கே?" என்று அவளுடைய தோளுக்குப் பின்னால் எட்டிப் பார்த்தார் அவர்.

"நான்தான் சார் ஆள்."

மழையும் அவளோடு வாசல்வரை வந்திருந்தது. நெற்றி முடியிலிருந்து இறங்கிய ஒரு துளி இமையில் உட்கார்ந்து, விழலாமா வேண்டாமா என்று யோசித்தது... அந்தக் கண்களைப் பார்த்த அவரும் ஏதோ யோசித்தார். ஆனால் அவரைப் போன்ற அரசுத் துறைத் துணை இயக்குநர்கள் யோசிப்பதை வெளியே காட்டுவதில்லை. வழக்கமாக வரும் மீன்தொட்டிக் கடைக்காரருக்கு இடுப்புப் பிடித்துக்கொண்டதால், அந்தக் கடையில் வேலை பார்க்கும் அவள் அன்று கரியமில வாயு சிலிண்டரைச் சுமந்து வந்திருந்தாள்.

அலுவலகத்தில் அவருக்குச் சமுத்திரராஜா என்று பட்டப்பெயர். அது அவருக்குத் தெரியாது. தெரிந்திருந்தால் பாராட்டு என்று எடுத்துக்கொண்டிருப்பார். வயது நாற்பது. கல்யாணப் பேச்சை எடுத்தவர்களிடம் பவளத்தைப் பற்றிப் பேசியே அனுப்பிவைத்தவர். கூடத்தில் ஆறடிக் கடல் தொட்டி, எதிரே பார்வையாளர்களுக்கு நான்கு நாற்காலிகள். மூன்றில் கடையில் சுற்றிக் கொடுத்த பிளாஸ்டிக் உறை அப்படியே இருந்தது. அவள் அதைக் கவனித்தாள்.

அவள் வேலையை ஆரம்பிப்பதற்குள் அவர் சொற்பொழிவை ஆரம்பித்துவிட்டார். கால்சியம் ரியாக்டரைப் பற்றிப் பதினொரு வீடியோ பார்த்து, தானே பொருத்தியதாம். அவள் தலையாட்டிக்கொண்டே, தண்ணீர் உள்ளே போகும் குழாயும் வெளியே வரும் குழாயும் இடம் மாறியிருந்ததைச் சரிசெய்தாள். சொற்பொழிவு அங்கே நின்றது.

ரியாக்டர் பெரிய மந்திரமில்லை. ஓர் உருளை நிறையச் செத்த பவளத்தின் துண்டுகள். அதில் ஓடும் நீரில் வாயுவைக் குமிழி குமிழியாக விட்டால் நீர் லேசாகப் புளிக்கும், துண்டுகள் கரையும். கரைந்தது சொட்டுச் சொட்டாகத் தொட்டிக்குப் போய் உயிருள்ள பவளத்துக்கு எலும்பாகும். நொடிக்கு ஒரு குமிழி போதும். இருவரும் மண்டியிட்டு எண்ணினார்கள். ஒண்ணு... ரெண்டு... பன்னிரண்டில் குரல்கள் ஒன்றாகிவிட்டன. அவர் அவசரமாகத் தொண்டையைச் செருமிக்கொண்டார்.

"இனிமே இந்த வால்வைத் தொடக் கூடாது சார். கை அரிச்சா சொறிஞ்சுக்கோங்க. தினம் ஏழு மணிக்குக் காரத்தன்மையைச் சோதிச்சு எனக்கு அனுப்புங்க. எட்டுப் புள்ளி ரெண்டை ஒட்டி இருக்கணும்."

அவளுக்கு ஒற்றை அறை, ஒரு தட்டு, ஒரு தம்ளர். போன் அடித்தால் எங்கோ ஒரு தொட்டி ஒழுகுகிறது என்று அர்த்தம். இப்போது சாயங்காலம் ஏழுக்கு ஒழுகாத ஒரு செய்தி வந்தது. 8.2. அவள் 'நல்லது சார்' என்று பதில் போடுவாள். நான்காம் நாள் 'சாப்பிட்டீங்களா சார்' என்று சேர்த்தாள். அனுப்பிவிட்டு வெகுநேரம் போனையே பார்த்துக்கொண்டிருந்தாள்...

ஞாயிற்றுக்கிழமை அவருடைய அக்கா ஊரிலிருந்து கூப்பிட்டு, வீட்டுக்கு யாராவது வந்தார்களா என்று வழக்கம்போலக் கேட்டாள். மெக்கானிக் வந்ததாகச் சொன்னார். ஆள் எப்படி என்றாள். "நொடிக்கு ஒண்ணு" என்றார் அவர். அக்காவுக்கு ஒன்றும் புரியவில்லை. தம்பி பேச்சை மாற்றிய வேகம் மட்டும் புரிந்தது.

நடந்தது இதுதான். அடுத்த மாதம் அவள் வரும்போது பவளம் ஒரு விரல்கடை வளர்ந்து நிற்க வேண்டும், அவள் கண்கள் விரிய வேண்டும் என்று, இரண்டாம் நாளே அவர் வால்வைத் திருகிவிட்டார். காரத்தன்மை ஒன்பதாயிற்று, பத்தாயிற்று. பயந்து குறைத்தார், ஆசைப்பட்டுக் கூட்டினார். பன்னிரண்டில் பவளத்தின் நுனிகள் கருகி வெளுத்தன. தொட்டதைச் சொன்னால் மானம் போகும். முட்டாள் வீட்டுச் செய்திக்கு அப்புறம் யார் காத்திருப்பார்கள்? ஒவ்வொரு சாயங்காலமும் வெளுத்த நுனிகளுக்கு எதிரே, உறையில்லாத ஒற்றை நாற்காலியில் உட்கார்ந்து 8.2 என்று அனுப்பினார்.

பத்தாம் நாள், கூப்பிடாமலே அவள் வந்தாள். மறுபடி மழை. நேராகத் தொட்டிக்குப் போய்ப் பார்த்தாள். வால்வைக் குறைத்தாள்.

"உயிரோட இருக்கிற தொட்டி பத்து நாளும் ஒரே எண்ணைக் காட்டாது சார்."

வெப்பநிலை, மின்தடை என்று இரண்டு காரணங்களை அவர் தொடங்கினார். எதையும் முடிக்கவில்லை.

"நான்தான் திருகினேன்" என்றார். துணை இயக்குநரின் குரல் இல்லை அது. "எண் பொய்... ஆனா ஏழு மணி பொய்யில்ல. நாள் பூரா அதுக்குத்தான் காத்திருந்தேன். உண்மையச் சொன்னா நீங்க பதில் போடுறது நின்னுடுமோன்னு..."

அவள் வால்விலிருந்து கையை எடுக்கவில்லை.

"இது பொழைச்சுக்குமா?" என்றார்.

"மெதுவா இறங்கணும் சார். அவசரப்படுத்தாம இருந்தா பொழைக்கும்." பிறகு, குமிழிகளைப் பார்த்துக்கொண்டே சொன்னாள்: "மத்த வீட்டுல எல்லாம் வாரத்துக்கு ஒரு தடவைதான் அனுப்பச் சொல்லுவேன் சார்."

அதைக் கூட்டிக் கழித்துப் புரிந்துகொள்ளத் துணை இயக்குநருக்குச் சற்று நேரம் ஆயிற்று.

கடிகாரத்தில் ஆறே கால். அவள் இரண்டாவது நாற்காலியின் உறையைச் சரசரவென்று உரித்துப்போட்டு உட்கார்ந்தாள்.

"இன்னைக்கு ஏழு மணிக்கு நானே பாத்துக்கிறேன்" என்றாள். வாக்கியத்தின் முடிவில் வழக்கமான 'சாரை'க் காணவில்லை.