உயிரோடிருப்பதற்கு ஒரு கையெழுத்து

நாய் வாலை ஆட்டிக்கொண்டிருந்தது. அதுதான் பாக்கியநாதனுக்கு முதலில் பிடிக்கவில்லை.

பகல் மூன்றரை மணி. மழை ஒரு பாட்டம் கொட்டிவிட்டு, அடுத்த பாட்டத்துக்கு மூச்சு வாங்கிக்கொண்டிருந்த நேரம். பங்களாக் குசினியில் தட்டுக் கழுவிக்கொண்டிருந்தவர் ஜன்னல் வழியே பார்த்தார். தோட்டத்தின் கீழ்மூலையில், அந்தூரியம் பூப்பாத்தியின் நடுவில் பங்களா நாய் படுத்திருந்தது. முகத்தை ஈர மண்ணில் பதித்து, காது இரண்டையும் முன்னுக்கு விட்டு, யாரோ பேசுவதைக் கேட்பது போல. வால் மட்டும் இப்படியும் அப்படியும் போனது. எசமான் தலையைத் தடவினால் ஒரு நாய் எப்படி ஆட்டுமோ, அப்படி. பாத்தியில் மனுஷன் எவனும் இல்லை. மண்ணுக்கு மேலே இல்லை.

மண்ணுக்குக் கீழே பிரிட்சட் துரை இருந்தார். வைத்தது பாக்கியநாதன்தான்.

சித்திரை மாதம் ஒரு காலையில், பாண் ரொட்டிக்கு மாமலேட் பூசிக்கொண்டே துரை சரிந்தார். எண்பத்து மூன்று வயது. அப்படியே முடிந்தது. துரையின் மனைவி ஹெலன் நோனா அழவில்லை. மாமலேட் போத்தலின் மூடியைத் தேடி எடுத்து இறுக்கி மூடினாள். முன்கதவைச் சாத்தினாள். பிறகு, பதினைந்து வருஷமாகப் பொறுக்கிச் சேர்த்த தமிழில் சொன்னாள்.

"பாக்கியம், நான் சொல்றது கேளுங்க. பென்ஷன் அவர் பேர். விசா அவர் பேர். பங்களா எழுத்துக் காகிதம் அவர் பேர். அவர் செத்தார்னு எழுதினா எல்லாம் நிக்கும். என் மக வருவா. இங்கிலாந்து கொண்டு போவா. வயசானவங்க ஹோம். ஜன்னல் திறக்க ஏலாத ரூம். நான் அங்க போக மாட்டேன்." பின்கதவுப் பக்கம் பார்த்தாள். "நீங்களும் மேர்சியும் எங்க போவீங்க?"

வெள்ளைக்காரிகளின் கண்ணீரையே நம்பாத ஆள் பாக்கியநாதன். இவளிடம் கண்ணீரும் இல்லை. ஆனால் அந்தக் கடைசிக் கேள்வி தைத்துவிட்டது. மனைவி மேர்சிக்கு வாதத்தில் இடப்பக்கம் விழுந்து மூன்று வருஷம். புரட்டிப் போட ஆள் வேண்டும், ஊட்டிவிட ஆள் வேண்டும். தேயிலைத் தோட்டத்து வேலையை விட்டு பங்களாவுக்குச் சமைக்க வந்த அன்றே தொழிலாளர் லயத்துக் காம்பராவை வேறு குடும்பத்துக்குக் கொடுத்துவிட்டார்கள். மகன் கொழும்பில் இருக்கிறான், போன் எடுப்பதில்லை. பங்களாவுக்குப் பின்னால் இருக்கும் அந்த ஓர் அறைக் குவார்ட்டர்ஸ்தான் கூரை. அது போனால் மேர்சியை றோட்டில்தான் கிடத்த வேண்டும்.

அன்று பின்னேரமே குழி வெட்டினார். பச்சைக் கம்பளியில் சுற்றி, அதன் மேல் பிளாஸ்டிக் தறப்பாளைச் சுற்றி இறக்கினார். ஜெபம் சொல்லவில்லை. தோட்டத்துக் கோயிலுக்கு இருபது வருஷமாக உபதேசியார் அவர்; பூசைக்கு ஃபாதர் மாதத்தில் ஒரு நாள்தான் வருவார், மிச்ச நாளெல்லாம் மணி அடிப்பதும் செத்தவர்களுக்கு ஜெபம் சொல்வதும் பாக்கியநாதன் பாடு. நாற்பது பேருக்கு மேல் சொல்லி அனுப்பியிருக்கிறார். இவருக்கு மட்டும் வாய் திறக்கவில்லை. சொன்னால் செத்தவர் என்று ஆகிவிடும், செத்தவர் என்று ஆகக்கூடாது என்பதுதானே பேச்சு?

அதோடு போயிருந்தால் போயிருக்கும். புரட்டாசியில் பாரம் வந்தது.

வருஷா வருஷம் பென்ஷனுக்காக இங்கிலாந்திலிருந்து வருகிற படிவம். இன்ன ஆள் இன்னும் உயிரோடு இருக்கிறாரா என்று கேட்கும். சொந்தக்காரன் அல்லாத, ஊரில் மதிப்புள்ள ஒருவர் பார்த்துச் சாட்சி வைக்க வேண்டும். முன்பெல்லாம் ஃபாதர் வைப்பார், துரையோடு உட்கார்ந்து ஒரு கிளாஸ் அடித்துவிட்டு. இனி ஃபாதரைக் கூப்பிட முடியாது. ஆனால் கோயில் முத்திரை பாக்கியநாதனின் டிரங்குப் பெட்டியில் இருந்தது.

அவருக்கு இங்கிலீஷ் வாசிக்கத் தெரியாது. தெரியாத எழுத்துக்கு அடியில் கை வைத்தவனெல்லாம் கெட்டுப்போனதைத் தோட்டத்தில் நிறையப் பார்த்திருக்கிறார். அதனால் ஒவ்வொரு வரியாகச் சொல்லச் சொன்னார். நோனா விரலை வைத்து வாசித்தாள்.

"இந்த ஆள் இன்னைக்கு உசிரோட இருக்கார். நான் என் கண்ணால பாத்தேன். கர்த்தருக்கு முன்னால சொல்றேன்."

"கர்த்தர்னு அதுல இருக்கா?"

"இல்ல. ஆனா நீங்க கோயில் ஆள். முத்திரை வச்சா அதுதானே அர்த்தம்."

வைத்தார். ஊதா மை காகிதத்தில் ஊறியது. துரையின் கையெழுத்தை நோனாவே போட்டாள். அது நடந்து மூன்று வாரம். இப்போது நாய் பாத்தியில் படுத்து வாலை ஆட்டிக்கொண்டிருந்தது.

வெளியே போய்க் கல்லெடுத்து எறிந்து துரத்தினார். நாய் நாலு அடி தள்ளிப்போய் உட்கார்ந்து, அவரைப் பார்க்காமல் மண்ணையே பார்த்தது.

மறுநாள் பத்து மணிக்கு ஹஸீப் வந்தான். பக்கத்து டவுன் புளத்கொகுபிட்டியவிலிருந்து த்ரீவீல் ஆட்டோவில் பங்களாவுக்குச் சாமான் கொண்டுவருகிறவன். கேஸ் சிலிண்டரை இறக்கி வைத்துவிட்டு வாயைத் திறந்தான். அது இலேசில் மூடாத வாய்.

"உபதேசியார், நோனாட சீஸ் கேகால டவுன்லயும் இல்ல. இனி வெள்ளைக்காரனும் நம்மளப் போல பருப்பும் சோறும்தான்னு போய்ச் சொல்லுங்க."

"நீயே சொல்லு. வாய் உனக்குத்தானே பெருசு."

"எனக்கென்ன பயம்? தொரைட்டயே சொல்லுவன். கன நாளா மனுசன் கண்ணுல படல்லயே."

"சுகமில்ல. உள்ள படுத்திருக்காரு."

ஹஸீப் சிரித்தான். "ஒங்கட கோயில்ல பொய்க்கு மன்னிப்பு இருக்கா? அந்தப் பூப்பாத்திப் பக்கம் நிண்டு இருமுறாரே. கேட்டுக்கு வரக்குள்ளயே கேட்டிச்சி. ஈரத்துல நிக்க உடாதீங்க, வயசாளி."

த்ரீவீல் சத்தம் ரப்பர் மலைக்கு அப்பால் இறங்கித் தேய்ந்து போகும் வரைக்கும் பாக்கியநாதன் சிலிண்டரைப் பிடித்தபடியே நின்றார். கூரையிலிருந்து சொட்டு விழும் சத்தம் கேட்டது. கீழே தோட்டத்து டிவிஷனில் தேயிலைக் கொழுந்து நிறுக்கக் கூப்பிடும் சத்தம் கேட்டது. அட்டை கடிக்காமல் காலில் பூசுகிற சவர்க்கார வாடையும் அழுகிய இலை வாடையும், அதற்குள் மெல்லிசாக, துரையின் பைப் புகையிலை வாடையும் வந்தது. பைப்பையும் அவரோடுதான் புதைத்தார்கள்.

பிறகு அதுவும் கேட்டது. குட்டையாக இரண்டு. நீளமாக ஒன்று. கடைசியில் தொண்டையைக் காறி, காறியது வெளியே வராமல் விழுங்குகிற சத்தம். பதினோரு வருஷமாக, காலைத் தேத்தண்ணியோடு படுக்கையறைக் கதவுக்கு முன்னால் நின்று கேட்ட இருமல். வேறு ஒருவரின் இருமல் என்று சொல்ல வழியே இல்லை. திசைதான் தப்பு. பக்கத்திலிருந்து வரவில்லை. காலடியிலிருந்து வந்தது.

நோனா வராந்தாவில் டேப்லட்டை மடியில் வைத்து மகளோடு பேசிக்கொண்டிருந்தாள். பேச்சு முழுவதும் இங்கிலீஷ். அவருக்குப் புரிந்தது 'டடி', 'ஸ்லீப்பிங்' இரண்டும்தான். பேசி முடிந்து, கண்ணாடியைக் கழற்றித் துடைத்தாள்.

"கேஸ் வந்ததா? தண்ணி நல்லா கொதிக்க வைங்க. நேத்து ஃபில்டர்ல பாசி இருந்தது."

"நோனா. தொரை இருமுறாரு."

அவள் துடைப்பதை நிறுத்தவில்லை. வெகுநேரம் துடைத்தாள், கண்ணாடியில் ஒன்றும் இல்லாத இடத்தை.

"தெரியும்," என்றாள். "பாரம் தபால்ல போட்ட நாள்ல இருந்து."

"செத்த மனுசன் எப்படிங்க..."

"நீங்க எழுதினீங்க தானே பாக்கியம்? கண்ணால பாத்தேன்னு." குரலில் கோபம் இல்லை. விசாவுக்குப் படம் எத்தனை பிரதி வேண்டும் என்று சொல்கிற குரல். "இப்ப வேற எழுத ஏலாது. வேற எழுதினா ரெண்டு பேரும் ஜெயில். நானும் நீங்களும். மேர்சிய யார் புரட்டுவா?"

அன்று பின்னேரம் மேர்சிக்குக் கஞ்சி ஊட்டிக்கொண்டிருந்தபோது அவள் வாயை மூடிக்கொண்டாள். சரிந்த உதட்டோரம் கஞ்சி வழிந்தது.

"யாருங்க ஒங்கள அங்க கூப்புடுறது?"

"யாரும் இல்ல. முழுங்கு."

"பகல் பூரா கூப்புட்டாரு. பாக்கியம், பாக்கியம்னு. வாய்க்குள்ள என்னமோ அடச்ச மாதிரி." நல்ல கையால் அவர் மணிக்கட்டைப் பிடித்தாள். "நம்மள இங்கருந்து அனுப்பிருவாங்களா?"

"நான் இருக்கேன்ல? ஒருத்தனும் அனுப்ப மாட்டான்."

"ஒங்களுக்கு வேர்க்குது."

"கஞ்சி சூடு."

அடுத்த நாள் நான்கு மணிக்கு மழை சீலையைத் தொங்கவிட்டது போல இறங்கியது. நோனா கதவைச் சாத்திக்கொண்டு ரேடியோவைச் சத்தமாக வைத்தாள். பாக்கியநாதன் ஜெபப்புத்தகத்தைச் சட்டைக்குள் சொருகி, மண்வெட்டியை எடுத்துக்கொண்டு பாத்திக்கு நடந்தார். அவருடைய கணக்கு எளிது. செத்தவருக்குச் சொல்ல வேண்டியதைச் சொல்லவில்லை, அதனால் அலைகிறார். சொல்லிவிட்டால் அடங்கிவிடுவார். நாற்பது பேர் அடங்கவில்லையா?

செபமாலையை விரலில் சுற்றிக்கொண்டு ஆரம்பித்தார். புத்தகத்தைத் திறக்கவே வேண்டாம், மனப்பாடம். ஆண்டவரே, மரித்த உமது ஊழியனாகிய...

இருமல்.

மறுபடி ஆரம்பித்தார். மரித்த. இருமல். உரத்துச் சொன்னார், மழைக்கு மேலாகக் கத்தினார். அந்த ஒரு சொல் வரும்போதெல்லாம் கீழே இருந்து இருமல் வந்து அதை உடைத்தது, தப்பாகச் சொல்கிறவனைத் திருத்துவது போல. நான்காம் முறை அவர் வாயே அந்தச் சொல்லுக்குத் திறக்கவில்லை. நாக்கு மேலண்ணத்தில் ஒட்டியது. கண்ணால் கண்டேன் என்று முத்திரை வைத்த வாய்க்கு அந்தச் சொல் இனி வராது என்பது அப்போதுதான் அவருக்குப் பட்டது.

மண்வெட்டியை ஓங்கினார். பார்த்துவிட்டால் போதும். எலும்பைப் பார்த்துவிட்டால் போதும். வேரோடு அந்தூரியம் பிடுங்கிக்கொண்டு வந்தது. மண் இலேசாக இருந்தது, ஆறு மாதம் மழையில் ஊறிய மண் மாதிரி இல்லை, நேற்றுக் கிளறியது மாதிரி. இடுப்பளவு. அதற்குக் கீழே தறப்பாள். முழங்காலில் இறங்கி, கையால் மண்ணை வழித்தார். முடிச்சை அவிழ்த்தார். வாடை அடித்தது. நல்லது. அழுகிய வாடை நல்லது. செத்தவன் வாடை.

கம்பளியை விலக்கினார்.

துரை அழுகியிருந்தார். கன்னம் இல்லை. உதடு இல்லை. பல் முழுவதும் தெரிந்தது. ஆறு மாதம் மண்ணில் கிடந்தவன் எப்படி இருக்க வேண்டுமோ அப்படி.

கம்பளி ஏறியது.

இறங்கியது.

மழையாக இருக்கும். தண்ணீர் அடியில் புகுந்து தூக்குகிறது. கையை வைத்தார். நெஞ்சுக்கூடு. சூடு. காய்ச்சல்காரன் சூடு. உள்ளங்கைக்குக் கீழே ஏறியது. இறங்கியது. பல்லுக்கு நடுவில் சேறு குமிழ் விட்டது. ஒரு கண் மிச்சம் இருந்தது. அது மூடவில்லை, மூட இமை இல்லை. அது திரும்பி அவரைப் பார்த்தது. தெரிந்த ஆளைப் பார்ப்பது போல. பதினோரு வருஷப் பழக்கத்தில், காலையில் கதவைத் தட்டிக்கொண்டு வருகிறவனைப் பார்ப்பது போல.

அது கெஞ்சியது.

வெளியே எடுங்கள் என்றா, முடித்துவிடுங்கள் என்றா, அவருக்குத் தெரியவில்லை. எடுத்தால் எங்கே கிடத்துவது? முடித்தால்? மண்வெட்டி பக்கத்திலேயே கிடந்தது. உயிரோடு இருக்கிறவனை வெட்டினால் அதற்கு வேறு பேர். உயிரோடு இருக்கிறான் என்று எழுதினது யார்?

மழைக்குள்ளே மேர்சியின் குரல் வந்தது. "என்னங்க? என்னங்க, எங்க இருக்கீங்க? என்னப் புரட்டிப் படுக்க வைங்க."

குவார்ட்டர்ஸின் தகரக் கூரை தெரிந்தது. கதவு திறந்திருந்தது. கட்டிலின் ஒரு கால் தெரிந்தது.

"இந்தா வர்றேன்," என்று கத்தினார். குரல் ஒழுங்காகவே வந்தது.

கம்பளியை இழுத்து முகத்தை மூடினார். தறப்பாளை மூடினார். முடிச்சு. மூன்று முடிச்சு. மேலே ஏறி மண்ணைத் தள்ளினார். முதல் வெட்டு மண் விழுந்ததும் கீழே இருமல் தொடங்கியது, விடாமல். தள்ளினார். இரண்டு. பத்து. இருபது. இருமல் அமுங்கியது. நிற்கவில்லை. அமுங்கியது. செடியை நட்டார். சுற்றி மிதித்தார்.

மிதித்த மண் ஏறி மேலே வந்தது.

அவர் அதன் மேல் ஏறி, இரண்டு காலையும் ஊன்றி நின்றார். எழுபது வயது உடம்பு, உள்ள பாரத்தையெல்லாம் குதிகாலில் போட்டார்.

மண் அவரைத் தூக்கியது. இறக்கியது.

தூக்கியது.