டி.ஜே. ஸெஸ்ஸின் நூறாவது நாள்

“இசை மனிதகுலத்தின் எல்லைகளை அழித்துவிட்டது” என்று சாயலிக் கழகத்தின் வாசலில் கருங்கல்லில் பொறித்திருந்தார்கள். எல்லைகளை அழித்த டி.ஜே.க்கள் அத்தனை பேருக்கும் மலச்சிக்கல் இருந்ததைப் பொறிக்கவில்லை. வாரத்துக்கு ஐந்து விமானம், ஐந்து ஊர்ச் சாப்பாடு. குடல் எந்த ஊர்க் கடிகாரத்தைத்தான் நம்பும்?

சாயலி வந்தபிறகுதான் விடிவு. பதிவுத்தொட்டியில் மூன்று நாள் படுத்தால் போதும். உயிர்க்கூழிலிருந்து அதே உடம்பு, அதே நினைவு, அதே கைரேகையோடு இன்னொருவர் எழுந்து, பெட்டியைத் தூக்கிக்கொண்டு விமான நிலையம் போவார். மாதம் ஒருமுறை திரும்பி வந்து, உள்ளங்கையோடு உள்ளங்கை வைத்துக் கரைந்துபோவார். அவர் சுற்றிய ஊர்களின் நினைவு வீட்டிலிருப்பவருக்குச் சேரும். முதலில் வெறும் ஒளியுருவை அனுப்பித்தான் பார்த்தார்கள். ரசிகர்கள் ஏற்கவில்லை. கண்ணுக்குக் கீழே கருவளையம் இருந்தால்தான் கலைஞன் வந்திருக்கிறான் என்று நம்பினார்கள்.

டி.ஜே. ஸெஸ் என்கிற செழியன் வேளச்சேரியில் மூன்று வருடமாக நன்றாகத் தூங்கினான். கடைசியாக அனுப்பிய சாயலி மட்டும் திரும்பவில்லை.

அது திரும்பாவிட்டாலும் அதன் நினைவு கசிந்தது. சோபாவில் உட்கார்ந்திருக்கும்போது விமானம் இறங்குவதுபோல் காது அடைத்தது. குளித்துவிட்டு வந்தால் அவன் வாங்காத சோப்பின் மணம். ஒரு மத்தியானம் தன் வீட்டு வாசலில் நின்று, விடுதி அறைக்கதவைத் திறக்கும் அட்டையைச் சட்டைப்பையில் கால்மணி நேரம் தேடினான். கண்ணாடியில் கருவளையம் தெரிய ஆரம்பித்தது. அவன்தான் பத்து மணி நேரம் தூங்குகிறானே.

சட்டம் வேறு பயமுறுத்தியது. நூறு நாள் முழுதாகப் பிரிந்திருந்துவிட்ட சாயலியை யாரும் கரைக்க முடியாது. பெயரும் அதற்கே போய்விடும். தொண்ணூற்றொன்பதாம் நாள் மேலாளர் பெனிட்டா கூப்பிட்டாள். சாயலி பினாங்கில் இருக்கிறது, நாளை நாலு மணிக்குக் கடற்கரை மேடையில் நிகழ்ச்சி, கழக ஆய்வாளரும் வருகிறார் என்றாள்.

“நீயே நேர்ல போய்த் தொட்டாதான் உண்டு, செழியா. போயிடுவல்ல? ஏர்போர்ட் எந்தப் பக்கம்னு ஞாபகம் இருக்கா?”

மறுநாள் மத்தியானம் பினாங்கில் அது தங்கியிருந்த விடுதியில் இறங்கினான். வரவேற்பில் இருந்த பெண், சார் இப்போதுதானே வெளியே போனீர்கள் என்று கேட்டுவிட்டு, இன்னொரு சாவி அட்டையைக் கொடுத்தாள்.

அறையில் எல்லாம் அவனுடைய பழக்கமாகவே இருந்தது. ஏ.சி.யின் சிவப்பு விளக்கின்மேல் கறுப்பு டேப். பாதி குடித்த தண்ணீர் பாட்டில்கள் மூன்று. தலையணையின் பள்ளத்தில் தலைவைத்துப் பார்த்தான். சரியாகப் பொருந்தியது. பள்ளம் இன்னும் வெதுவெதுப்பாக இருந்தது.

லாக்கரில் அவன் பிறந்த தேதியை அழுத்தினான். திறந்தது. உள்ளே பென் டிரைவ் மட்டும் இருந்தது.

அந்தப் பென் டிரைவ்தான் டி.ஜே. ஸெஸ். இரண்டு மணி நேர நிகழ்ச்சி முழுக்க முன்கூட்டியே அதில் கலந்து வைக்கப்பட்டிருந்தது. மேடையில் அவன் திருகிய திருகிகள் எதற்கும் இணைக்கப்பட்டவை அல்ல. ஒரு கையைத் தூக்குவது மட்டும்தான் நேரடி இசை. பென் டிரைவை விடுதியில் மறந்துவிட்டால் தொழிலே போய்விடும் என்பதால், லாக்கரில் அதோடு இடது ஷூவையும் வைத்துப் பூட்டுவான். ஷூ இல்லாமல் யாரும் விமானம் ஏற மாட்டார்கள்.

இப்போது ஷூ இல்லை. பென் டிரைவ் இல்லாமல் சாயலி எங்கே போய்விடப் போகிறது, எடுக்க வந்துதானே ஆக வேண்டும் என்று நினைத்தான். கை தன் போக்கில் அவனுடைய இடது ஷூவைக் கழற்றி, பென் டிரைவை அதற்குள் போட்டு, லாக்கரைப் பூட்டியது. அப்புறம் அந்தப் பள்ளத்தில் சற்றே தலை சாய்த்தான்.

பெனிட்டாவின் அழைப்பில்தான் எழுந்தான். மணி நாலரை. அது மேடையேறி அரை மணி நேரமாகிவிட்டது என்றாள்.

“பென் டிரைவ் இங்கதானே இருக்கு. எதை வச்சு வாசிக்குது?”

“கையால வாசிக்குதுடா,” என்றாள் பெனிட்டா. அவள் குரல் இறங்கியிருந்தது. “நேரலைல பாக்கறேன். நிஜமாவே வாசிக்குது.”

அறையைவிட்டு ஓடினான். டாக்சியில் ஏறினான். கூட்டத்தைப் பிளந்துகொண்டு மேடையேறி, “நான்தான் அசல்,” என்று கத்தினான். சாயலி இசையை நிறுத்தவில்லை, மெதுவாகத் தணித்தது. திரும்பிப் பார்த்தது. அதன் முகத்தில் நூறு நாள் அலைச்சல் இருந்தது.

“வா, செழியா. நல்லா தூங்கினியா?”

அவன் கையை நீட்டினான். ஆய்வாளர் குறுக்கே வந்தார். எல்லாச் சாயலியும் தன்னைத்தான் அசல் என்கிறது, கைரேகையும் ஒன்றே என்று அலுத்துக்கொண்டார். ஒதுங்கி நின்ற சாயலியின் இடத்தைக் காட்டினார்.

“அஞ்சு நிமிஷம் வாசிங்க. போதும்.”

பத்தாயிரம் பேர் அமைதியானார்கள். இணைக்கப்பட்ட திருகிகளை அவன் முதல்முறையாகப் பார்த்தான். எது எதற்கு என்று தெரியவில்லை. பழக்கத்தில் ஒரு கையைத் தூக்கினான். இன்னொரு கை சட்டைப்பையைத் துழாவியது.

முன்வரிசையில் யாரோ சிரித்தார்கள். ஆய்வாளர் குனிந்து அவன் காலைப் பார்த்தார்.

செழியன் விடுதியின் வெள்ளைத் துணிச்செருப்பைப் போட்டுக்கொண்டு வந்திருந்தான்.