ஹரிஷ் அடித்த பெயிண்ட்

வங்காள விரிகுடாவின் உப்பு முழுவதும் ஒன்றுதிரண்டு வந்தாலும், ஹரிஷ் அடித்த பெயிண்டைத் தாண்டி உள்ளே போக முடியாது. இதை ஆறாம் வகுப்பு ஹரிஷே தேவனாம்பட்டினம் கடற்கரையில் அறிவித்தான். கேட்டவர்கள் இரண்டு பேர். அதில் ஒருவர் தூங்கிக்கொண்டிருந்தார்.

அப்பாவின் படகில் எஞ்சினைத் தாங்கும் புது இரும்புச் சட்டத்துக்குத்தான் அந்தப் பெயிண்ட். பழைய சட்டம் போன வருஷம் பெயிண்டுக்குள்ளேயே துருப்பிடித்து நடுக்கடலில் முறிந்தது. எஞ்சின் முழுகிவிட்டது. அப்பாவும் பாண்டியன் சித்தப்பாவும் இரண்டு நாள் மிதந்து கிடந்தார்கள். அதற்குப் பிறகு சித்தப்பா படகில் ஏறவில்லை. யாரிடமும் அதிகம் பேசுவதும் இல்லை.

சிதம்பரத்தில் கல்லூரியில் படிக்கும் இளமதி அக்கா, பெயிண்டைச் சோதிக்க இரண்டு இரும்புத் தகடுகள் கொண்டுவந்தாள். ஒன்றில், சட்டத்துக்குச் செய்த மாதிரியே செய்து ஹரிஷ் பெயிண்ட் அடித்தான். மற்றதை அக்கா குடிதண்ணீரில் மூன்று முறை கழுவித் துடைத்துவிட்டு, அதே பெயிண்டை அடித்தாள்.

“குளிப்பாட்டியாச்சா? அப்படியே பவுடர் போட்டு, பொட்டும் வச்சுடுக்கா!” என்றான் ஹரிஷ்.

இரண்டு வாரம் கழித்து, விடாத மழையில், அம்மாவோடு சிதம்பரம் போனான். அக்கா அவனை ஆய்வகத்துக்குக் கூட்டிப்போனாள். உப்புத் தண்ணீரில் கிடந்த தகடுகளில் ஒயரை மாட்டினாள்.

“கொஞ்சூண்டு கரண்ட் அனுப்புவோம். பெயிண்ட் எவ்ளோ தடுக்குதோ, அவ்ளோ பெரிய நம்பர் வரும்.”

அக்காவின் தகட்டுக்குப் பத்து இலக்க எண் வந்தது. ஹரிஷின் தகட்டுக்கு ஆறே இலக்கம்.

“முதல் நாளு உன்னுதும் பத்துதான்டா. தினமும் எறங்கிட்டே வருது. தண்ணி உள்ள போயிடுச்சு.”

“மிஷினு ரிப்பேர்,” என்றான்.

அக்கா ஒயரைத் தன் தகட்டுக்கு மாற்றினாள். மறுபடியும் பத்து.

“என்னுது பளபளன்னுதான இருக்குது?”

“துரு கண்ணுக்குத் தெரியறதுக்கு முன்னாடியே நம்பர் எறங்கிடும். ஆமா, நீ எதுல கழுவுன?”

“கடல் தண்ணிலதான். நம்மூர்ல எல்லாரும் அதுலதான கழுவுறாங்க?”

“அப்ப உப்பை உள்ள வச்சு மூடிட்ட. அது தண்ணிய இழுக்குது.”

வெளியிலிருந்து வரும் உப்புக்குத்தான் ஹரிஷ் சவால் விட்டிருந்தான். தானே உள்ளே வைத்த உப்பை அவன் யோசிக்கவில்லை.

நாளை சட்டத்தை மாட்டிவிடுவார்கள். மாட்டினால் ஒரு வருஷத்துக்குக் கழற்ற மாட்டார்கள். திரும்பும் பஸ்ஸில் ஹரிஷ் சன்னல் சீட்டுகூடக் கேட்கவில்லை. காய்ச்சலோ என்று அம்மா நெற்றியைத் தொட்டுப் பார்த்தாள்.

வீடு வந்ததும் நேராக அப்பாவிடம் ஓடினான். “அப்பா, அதை மாட்டாதப்பா. நான் அடிச்ச பெயிண்ட் சரியில்ல.”

“பளபளன்னு இருக்குதேடா?” என்றார் அப்பா.

“ஆமாப்பா. அதான் பயமா இருக்குது.”

அப்பா வாசலில் கிடந்த சட்டத்தை விரலால் ஒருமுறை தடவினார். “சரி, சொரண்டு,” என்றார்.

மறுநாள் மழை விட்டிருந்தது. வானம் மட்டும் இருண்டே கிடந்தது. பெயிண்டைச் சுரண்டி முடிப்பதற்குள் ஹரிஷின் உள்ளங்கை கொப்பளித்துவிட்டது. குழாயடி வரிசையில் நின்று குடத்தை நிரப்பிக்கொண்டு வந்தான்.

“இன்னா மச்சான், புள்ளையைக் குளிப்பாட்டுறியா? எண்ணெ தேய்க்கல?” என்று சிரித்தான் எதிர்வீட்டு சார்லஸ்.

ஹரிஷ் மூன்றாவது முறையாகத் தண்ணீரை ஊற்றினான். திண்ணையில் உட்கார்ந்திருந்த பாண்டியன் சித்தப்பா எழுந்து வந்து, தோளில் கிடந்த துண்டை எடுத்து நீட்டினார். ஹரிஷ் அதை வாங்கி, போல்ட் துளைகளுக்குள்ளும் விரலை விட்டு, ஒரு சொட்டு ஈரம் இல்லாமல் துடைத்தான்.