பிளாஸ்திரிக்குக் கீழே

ஞாயிற்றுக்கிழமை மதியம் கொட்டுகிற மழையில்தான் நியூர்கா வந்து சேர்ந்தாள். சாந்தா கிளாராவிலிருந்து சியென்ஃபுவேகோஸ் வரை லாரியின் பின்னால் நின்றுகொண்டே வந்தவள், தான் தொப்பலாக நனைந்ததைப் பற்றிக் கவலைப்படவில்லை. பிளாஸ்டிக் பையில் சுற்றிய ஹார்ட் டிஸ்க்கை மட்டும் சட்டைக்குள் வைத்துக் காப்பாற்றியிருந்தாள்.

"இந்தாக்கா, இந்த வாரப் பொட்டலம். உன் நாடகத்துக் கதாநாயகி இன்னும் சாகலை."

இடால்மிஸ் சிரித்துக்கொண்டே தங்கைக்குக் காப்பி ஊற்றினாள். அந்தப் பழைய ஒற்றை அறை வீட்டில் இணையம் கிடையாது. அவளே வேண்டாமென்று விட்டிருந்தாள். சினிமா, நாடகம் எல்லாம் ஊர் ஊராகக் கைமாறி வரும் இந்த டிஸ்க்கில்தான். வைரஸ் தடுப்புப் புரோகிராமின் புதுப்பிப்பும் அதிலேயே வரும். பள்ளியில் கணினிப் பாடம் எடுத்தவள் அல்லவா, அதை முதலில் போட்டுவிட்டுத்தான் மற்றதைத் தொடுவாள். மடிக்கணினியின் கேமரா மேல் பிளாஸ்திரியும் ஒட்டியிருந்தாள்.

இவ்வளவும் ஒருவனுக்குப் பயந்து. கணவன் எவெலியோ உடைத்த மணிக்கட்டு மழைக்காலத்தில் இன்னும் வலிக்கும். அவன் கண்ணில் மண்ணைத் தூவிவிட்டு அவள் இங்கே ஒளிந்திருப்பது நியூர்கா ஒருத்திக்குத்தான் தெரியும். வடக்கே அடுத்த நாட்டுக்குக் கள்ளத்தனமாகப் போகப் படகேறியவன் கடலில் மூழ்கிவிட்டான் என்று போன மாதம் செய்தி வந்தது. உள்ளதைச் சொன்னால், அது அவள் வயிற்றில் பால் வார்த்தது.

டிஸ்க்கைச் செருகினாள். இன்னும் எதையும் தொடவில்லை. அதற்குள் டிஸ்க்கின் விளக்கு விடாமல் சிமிட்டியது. உள்ளே ஒன்றும் வரவில்லை. அவளுடைய கணினியிலிருந்து என்னவோ டிஸ்க்குக்குப் போய்க்கொண்டிருந்தது.

தேடிப் பிடித்தாள். தடுப்புப் புரோகிராமின் பெயரையே போர்த்திக்கொண்டு ஒரு கோப்புறை. உள்ளே கேமரா எடுத்த படங்கள்.

"நியூர்கா, இந்தப் புதுப்பிப்பை முதல்ல உனக்கு யார்டி குடுத்தா?"

தங்கை காப்பிக் கோப்பையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"உன்னத்தான் கேக்கறேன்."

"அவர்தான்க்கா. உன் முகத்தைப் பார்க்காம இருக்க முடியலைன்னு அழுதாரு. ஆம்பளை அழுதா எனக்குத் தாங்காது. அவர் படகு ஏறுற வரைக்கும் வாராவாரம் டிஸ்க்கைத் திருப்பிக் கொண்டுபோய்க் குடுத்தேன். அவ்வளவுதான்."

"என் கை உடைஞ்சப்ப கட்டுப் போட்டுவிட்டதே நீதானேடி."

இடால்மிஸுக்குக் கோபம்கூட வரவில்லை. ஊரெல்லாம் சந்தேகப்பட்டவள், கூடப் பிறந்தவளை மட்டும் ஒரு நாளும் சந்தேகப்பட்டதில்லை. நெஞ்சு விட்டுப்போயிற்று.

படங்களைத் திறந்தாள். நியூர்காவும் பக்கத்தில் வந்து குனிந்தாள். எல்லாம் வெறும் கறுப்பு. பிளாஸ்திரி தன் வேலையைச் செய்திருக்கிறது. அவன் எதையும் பார்க்கவில்லை.

படகு மூழ்கிய நாள் வரை.

அதற்குப் பிறகு ஒவ்வொரு படமும் பளிச்சென்று இருந்தது. அவள் வாழைக்காய் வறுக்கிறாள். தலை வாருகிறாள். தூங்குகிறாள்.

நகத்தால் தடவிப் பார்த்தாள். பிளாஸ்திரி ஒட்டியது ஒட்டியபடியே இருந்தது.

உப்பு வாடை அடித்தது. கடல்காற்று அவளுக்குப் பழக்கம்தான். இது வேறு, பல நாள் தண்ணீரில் ஊறிய துணியின் வாடை.

கடைசிப் படம் சற்றுமுன் எடுத்தது. மேசைமுன் குனிந்திருக்கும் இரண்டு பெண்களின் முதுகு. அவர்களுக்கு அப்பால் இதே மடிக்கணினி.

வாசற்கதவுப் பக்கமிருந்து எடுத்த படம்.

இருவருக்கும் திரும்பிப் பார்க்கத் தைரியம் வரவில்லை.

"அவனுக்கு வேற என்ன குடுத்த?" இடால்மிஸ் கிசுகிசுத்தாள்.

"அக்கா..."

"சொல்லு."

"இந்த வீட்டுச் சாவி. வடக்கே போய் சம்பாதிச்சுட்டு, வந்து உன்னைக் கூட்டிட்டுப் போறேன்னாரு. கயித்துல கோத்துக் கழுத்துல போட்டுக்கிட்டாரு. அதோடதான் படகு ஏறினாரு."

கரண்ட் போயிற்று. இந்த ஊரில் அது அன்றாடக் கூத்து. மழை இருட்டில் அறை மூழ்கியது. பேட்டரி செத்துப்போன அந்த மடிக்கணினியும் உடனே அணைந்தது.

பிளாஸ்திரிக்குக் கீழே கேமராவின் சின்ன விளக்கு மட்டும் பச்சையாக எரிந்தது.

கதவு திறந்த சத்தம் கேட்கவில்லை. மூடிய சத்தம் கேட்டது. பிறகு, உள்பக்கமிருந்து, யாரோ நிதானமாகப் பூட்டினார்கள்.

இடால்மிஸின் முன்பு உடைந்த மணிக்கட்டை ஒரு கை பற்றியது. ஈரமான கை.

"விடுடி."

"நான் தொடலைக்கா." நியூர்காவின் குரல் சுவரோரத்திலிருந்து வந்தது.

கரண்ட் வந்தபோது அறையில் அவர்களைத் தவிர யாருமில்லை. உள்பக்கப் பூட்டில் கயிறு கோத்த சாவி ஒன்று தொங்கியது.

"நீ குடுத்த சாவி. நீயே போய்த் திற," என்றாள் இடால்மிஸ்.

நியூர்கா அசையவில்லை. கயிற்றிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. இருவரும் பார்த்துக்கொண்டிருக்கும்போதே சாவி, பூட்டும் பக்கமாக, இன்னொரு சுற்றுத் திரும்பியது.