ஈரம் கேட்ட வெயில்

ஜூலை மழையில் யமுனாவின் வீடு மட்டும் கதகதப்பாக இருந்தது. கோத்தகிரியே குளிரில் ஒடுங்கிக் கிடக்க, அவளும் கணவன் பூவரசனும் சன்னலைத் திறந்து வைத்துக்கொண்டு காபி குடித்தார்கள். வரப்போகும் ஜனவரியைத்தான் செலவழித்துக்கொண்டிருக்கிறோம் என்று அவர்களுக்குத் தெரியவில்லை.

அந்த ஊரில் எல்லா வீட்டிலும் ஒரு வெயிற்பேழை உண்டு. உப்பேற்றிய களிமண் உருண்டைகள் நிறைந்த எஃகுப் பெட்டி அது. கோடை வெயிலில் உருண்டைகளைக் காயவைத்து இறுக மூடிவிட்டால் போதும். எத்தனை மாதமானாலும் அந்த வெப்பம் வீணாகாது. குளிர்காலத்தில் ஈரக்காற்றை உள்ளே விட்டால், உருண்டைகள் ஈரத்தை உறிஞ்சிக்கொண்டு கோடையைத் திருப்பித் தரும். யமுனாவின் பேழையில் விரிசல் விழுந்து, மழைக்காற்று முன்னதாகவே புகுந்துவிட்டது.

ஜனவரியில் புல்லெல்லாம் உறைபனி. பேழை செத்துக் கிடந்தது. பிறந்து ஒரு மாதமே ஆன மகளின் பாதங்கள் சில்லிட்டதும், யமுனா பக்கத்து வீட்டுக்கு ஓடினாள்.

அங்கே மொழிபெயர்ப்பாளர் ஞானதுரை தனியாக வாழ்ந்தார். யார் தயவும் வேண்டாம் என்றிருப்பவர். ஸ்வெட்டர் மேல் ஸ்வெட்டர் போட்டிருந்தார்.

"உள்ள வாங்க. ஆனா இங்கயும் சூடு இல்லம்மா. பேழை நிறைய கோடை இருக்கு, வெளிய வரமாட்டேங்குது. பேழைக்கு ஈரக்காத்து அனுப்புற ஈரமூட்டிக் குழாய் உறைஞ்சு வெடிச்சிருச்சு. இந்தப் பனிக்காத்துல ஈரமே கிடையாது."

யமுனா யோசித்தாள். "இங்க ஒரு கொடி கட்டலாமா சார்?"

"எதுக்கு?"

"பாப்பா துணி ஒரு வாளி நிறைய ஈரமா கிடக்கு."

பூவரசன் வாளியையும் கஞ்சிப் பானையையும் தூக்கி வந்தான். பேழையின் காற்றுவாய்க்கு முன்னால் துணிகள் தொங்கின. கஞ்சி கொதித்தது. குழந்தை அழுதது. பெரியவர்கள் பேசிக்கொண்டே இருந்தார்கள், மூச்சிலும் ஈரம்தானே. வெகுநேரம் ஒன்றும் நடக்கவில்லை. பிறகு ஞானதுரை பேழையின் மேல் உள்ளங்கையை வைத்தார். எடுக்கவில்லை.

"வருது," என்றார்.

குழந்தை தூங்கிப்போனது.

பனி விலகும்வரை அவர்கள் அங்கேயே இருந்தார்கள். தங்கள் பேழையின் விரிசலை அடைத்துவிட்டுக் கிளம்பியபோது, ஞானதுரை குழந்தையின் குல்லாயைச் சரிசெய்தார்.

'யாரும் தேவைப்படாத வீடு' என்று விளம்பரம் செய்துதான் கம்பெனிக்காரர்கள் அந்த ஊருக்கு வெயிற்பேழையை விற்றிருந்தார்கள். அடுத்த உறைபனியின்போது ஞானதுரையின் வீட்டில் புதிய ஈரமூட்டி நன்றாகவே ஓடிக்கொண்டிருந்தது. ஆனாலும் அவர் யமுனாவின் வாசலில் வந்து நின்றார்.

"வீட்ல காத்து ரொம்ப வறண்டு கிடக்கு," என்றார். "எல்லாரும் வந்து கொஞ்ச நேரம் பேசிட்டுப் போங்களேன்."