அம்மா நீந்திய கடல்

"அம்மா, நாளைக்கு நீங்க எங்க வகுப்புக்கு வரணும்!" என்று கத்திக்கொண்டே வினோலியா வீட்டுக்குள் நுழைந்தாள்.

தையல் இயந்திரத்தில் உட்கார்ந்திருந்த ஜாக்குலின் நிமிர்ந்தாள். "நான் எதுக்குடி?"

"சின்ன வயசு ஞாபகங்களைப் பேசத்தான். சேந்தமங்கலத்துல வேற யாரு கடற்கரை ஊர்ல வளர்ந்தாங்க? நீங்க தினமும் பாதிக் கடல் வரைக்கும் நீந்திட்டு வருவீங்கன்னு சொல்லிட்டேன்."

இயந்திரம் நின்றது.

"நான் கடல்ல கால்கூட நனைச்சதில்லையே, பாப்பா."

வினோலியாவுக்குத் தூக்கிவாரிப் போட்டது. "வாசல்லயே கடல்னு சொல்வீங்களே!"

"வாசல்லதான். ஆனா எங்க தெருவுல பொம்பளப் பிள்ளைங்க இறங்கினா வலையில மீன் விழாதும்பாங்க. தம்பிங்க நாலு பேரும் குதிப்பானுங்க. நான் கரையில நிப்பேன்."

"ஒரே ஒரு தடவைகூடவா?"

"ஒரு தடவைகூட இல்லை."

அன்று இரவு வினோலியாவுக்குச் சோறு இறங்கவில்லை. ஜாக்குலின் அதைக் கவனித்தாள். "விடு, நீந்தினேன்னே சொல்லிடறேன்" என்றாள்.

மறுநாள் மாதா கோவிலுக்குக் கட்டும் புடவையில் வந்து வகுப்பின் முன் நின்றாள். "நான்... தினமும் நீந்துவேன்." குரல் எழும்பவே இல்லை.

முதல் வரிசையில் இருந்த குணசீலன் எழுந்தான். "ஏனுங்கம்மா, அலை மேல வர்றப்ப மூச்சை என்ன பண்ணுவீங்க?"

"கண்ணைத் தொறந்தா எரியுங்களா?" என்றாள் கயல்விழி.

ஜாக்குலினின் விரல்கள் முந்தானையை முறுக்கின. நெற்றியெல்லாம் வேர்வை. சின்னப் பொய்க்குக்கூடத் திட்டும் அம்மா, தனக்காக நாற்பது பேர் முன்னால் பொய் சொல்லிக்கொண்டிருக்கிறாள்! வினோலியா சட்டென எழுந்தாள்.

"டீச்சர், அம்மாவுக்கு நீந்தவே தெரியாதுங்க. நான்தான் கதை விட்டேன்."

"அடி புளுகுமூட்டை!" என்று பின்வரிசை கூவியது. காதுகள் சுட்டன. ஆனாலும் அவள் உட்காரவில்லை.

"அம்மா, கரையில நின்னு என்ன பார்த்தீங்களோ, அதைச் சொல்லுங்க."

ஜாக்குலின் மகளையே பார்த்தாள். பிறகு முந்தானையை விட்டாள்.

"தம்பிங்க நாலு பேர் தலையையும் எண்ணிக்கிட்டே நிப்பேன். ஒரு நாள் மூணு தலைதான் தெரிஞ்சுது."

முதல் வரிசை பெஞ்சின் நுனிக்கு நகர்ந்தது.

"கத்தின கத்துல, வலை இழுத்தவங்க அத்தனை பேரும் ஓடி வந்தாங்க. கடைசித் தம்பியை முடியைப் பிடிச்சுத் தூக்கினாங்க."

"பொழைச்சுட்டாருங்களா?"

"இப்போ கப்பல்ல வேலை பார்க்கிறான்!"

"அப்பக்கூட நீங்க இறங்கலீங்களா?" கயல்விழிக்கு நம்ப முடியவில்லை.

"ஈர மணல் வரைக்கும் ஓடினேன். அதுக்கு மேல கால் வரலை. பொம்பளப் பிள்ளை இறங்கக் கூடாதுன்னு அவ்வளவு பயமுறுத்தி வச்சிருந்தாங்க."

 குணசீலன் ஜன்னல் பக்கம் திரும்பினான். வெளியே கொல்லிமலை வானத்தை மறைத்து நின்றது.

"ஏனுங்க டீச்சர், நான் அந்த மலைக்குப் போனதே இல்லீங்க. எழுபது வளைவுல வாந்தி எடுப்பேன்னு எங்கூட்டுல கூட்டிட்டே போகலீங்க."

எல்லோரும் சிரித்தார்கள். "நானும் போனதில்லீங்க" என்றாள் கயல்விழி. சிரிப்பு நின்றது. ஒன்று, இரண்டு என்று கைகள் உயர்ந்தன. பதினேழு கைகள்!

"அடப்பாவிங்களா! ஜன்னலைத் தொறந்தா மலை!" என்று ஆசிரியை தெய்வநாயகி வாயைப் பொத்திக்கொண்டார்.

ஜாக்குலினுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "டீச்சர், நீங்க போயிருக்கீங்களா?"

தெய்வநாயகி மேசையைப் பார்த்தார். கூரையைப் பார்த்தார். பிறகு அவரும் மெல்லக் கையை உயர்த்தினார்.