நாலு மில்லிமீட்டர் பெண்டு

"ஆ... ஆ... ஆ!"

ஆப்பிள் மரங்கள் பூத்துக் கிடந்த அந்த ஜூன் மாதக் காலையைக் கிழித்தது குன்வோரின் அலறல்.

கராஜ் வாசலில் நின்றாள். கையிலிருந்த பன் பொட்டலம் நழுவி விழுந்தது.

உள்ளே...

அவள் புருஷன் ஹில்டிங் சிமெண்ட் தரையில் மல்லாந்து கிடந்தான். அறுந்த இரும்புச் சங்கிலி அவன் தொண்டையை... வேண்டாம். சாப்பிட்டுக்கொண்டே படிக்கிறவர்கள் இருப்பீர்கள்!

பக்கத்தில் 1934-ம் வருஷத்துக் காரின் சேசிஸ். மேல்கூடு கழற்றப்பட்டு, வெறும் எலும்புக்கூடாக. போன பனிக்காலத்தில் வழுக்கிக்கொண்டு போய்ப் பாறையில் மோதியதில் முன்பக்கம் கோணிவிட்டது. சேசிஸைத் தரை வளையத்தோடு சங்கிலியால் பிணைத்து, ஜாக்கியால் தள்ளி வீட்டிலேயே பெண்டு எடுத்துக்கொண்டிருந்தான் மனுஷன். வடக்கு ஸ்வீடனில் வீட்டுக்கு வீடு நடக்கிற கூத்துதான் இது.

முதலில் ஓடி வந்தவன் பக்கத்து வீட்டு சோல்வே.

அடுத்து வந்தது போலீஸ்.

இன்ஸ்பெக்டர் டாக்னி குனிந்து, அறுந்த சங்கிலி வளையத்தை விரலால் திருப்பினாள். ஐம்பது வயது. கண்ணில் ஈரம் என்பதே கிடையாது.

"இது விபத்து இல்ல."

"எ... என்ன சொல்றீங்க?" குன்வோர் கேட்டாள்.

"பாதி வளையத்தை ரம்பத்தால அறுத்திருக்காங்க. மீதிப் பாதிதான் தானா அறுந்திருக்கு. சங்கிலி யாரு வாங்கினது?"

"நான்... நான்தான். அவருதான் வாங்கிட்டு வரச் சொன்னாரு."

"மேல போடற கம்பளி எங்க?"

சங்கிலி அறுந்தாலும் சாட்டையாகப் பாயக்கூடாதென்று, இழுப்பதற்கு முன்னால் அதன்மேல் ஒரு பழைய கம்பளியைப் போடுவார்கள். இந்த ஊர் ஆண்கள் கல்யாண நாளை மறந்தாலும் அதை மறப்பதில்லை.

குன்வோர் வீட்டுப் பக்கம் கை காட்டினாள்.

"நேத்து துவைக்கப் போட்டேன். கிரீஸ் நாத்தம் தாங்கல. இன்னிக்கு ஒரு நாள் அது இல்லாமலே இழுத்துக்கறேன்னாரு."

"சரியாப் போச்சு! உங்க புருஷன் செத்தது காலையில எட்டு மணிக்குன்னு டாக்டர் சொல்றாரு. எட்டு மணிக்கு நீங்க எங்க?"

"வீட்டுலதான். எட்டரைக்குத்தான் சர்ச்சுக்குப் பாட்டு ஒத்திகைக்குப் போனேன். பதினோரு மணிக்குத் திரும்பி வந்து பாத்தா..."

அழுதாள். யாரும் ஒரு கைக்குட்டை நீட்டவில்லை.

சோல்வே தொண்டையைச் செருமினான்.

"சொல்லக் கூடாது... ஆனா சொல்லாம இருக்க முடியல, இன்ஸ்பெக்டர். குன்வோருக்கு இந்தக் காரைக் கண்டாலே ஆகாது. 'ஒண்ணு அது இருக்கணும், இல்ல நான் இருக்கணும்'னு போன வாரம் கத்தினா. வேலி தாண்டிக் கேட்டுச்சு."

"சோல்வே! நீயா இப்படி..."

"உண்மையைத்தானே சொல்றேன், குன்வோர்?"

டாக்னி அவன் பக்கம் திரும்பினாள்.

"நீங்க எப்ப உள்ள வந்தீங்க?"

"இவ கத்தினப்ப. அதுவரைக்கும் தோட்டத்துல உருளைக்கிழங்கு நட்டுக்கிட்டிருந்தேன். இன்னிக்கு இந்த கராஜ் பக்கமே வரல."

"ம்... குன்வோர், கோட்டை மாட்டிக்கோங்க. ஸ்டேஷனுக்குப் போகலாம்."

"ஐயோ! நான் ஒண்ணும் பண்ணல! சத்தியமா நான் ஒண்ணும் பண்ணல!"

கைவிலங்கு கிளிக் என்றது. கொலைக்கு ஆயுள் தண்டனை.

சோல்வே அவள் தோளைத் தட்டிக்கொடுத்தான்.

"காரைப் பத்திக் கவலைப்படாத. நான் பாத்துக்கறேன்."

எத்தனை நல்ல மனசு பாருங்கள்!

டாக்னி மேஜைமேல் கிடந்த அளவு டேப்பை எடுத்தாள். ஒரு முனையைக் கான்ஸ்டபிளிடம் கொடுத்து, சேசிஸின் போல்ட் ஓட்டைகளில் டேப்பை வைத்து, மூலைக்கு மூலை குறுக்காக அளந்தாள். பிறகு மற்ற இரண்டு மூலைகளை. இரண்டு அளவும் ஒன்றாக இருந்தால் சேசிஸ் நேர்.

உதட்டைப் பிதுக்கினாள்.

"பாவம் ஹில்டிங்! செத்தும் பிரயோஜனமில்ல. இன்னும் நாலு மில்லிமீட்டர் கோணல் இருக்கு."

"இருக்காது!" என்றான் சோல்வே.

"டேப் சொல்லுதே."

"ஓட்டையோட விளிம்புல வச்சா அளந்தீங்க? நடுவுல வச்சு அளக்கணும்!"

"நடுவுலதான் வச்சேன். அரைகுறை வேலை. எவனோ கத்துக்குட்டி..."

"கத்துக்குட்டியா? யாரு கத்துக்குட்டி? இரும்பு திரும்பி வரும்னு ரெண்டு மில்லி கூடத் தள்ளி, ஜாக்கியை இறக்கி, மூணு தடவை அளந்தேன்! மயிரிழை கூட வித்..."

நிறுத்தினான்.



டாக்னி டேப்பைச் சுருட்டினாள்.

"வித்தியாசம் இல்லதான், சோல்வே. ரெண்டும் ஒரே அளவு. நான்தான் பொய் சொன்னேன்!"

"நா... நான்..."

"என் புருஷனும் எட்டு வருஷமா வீட்டுல ஒரு சேசிஸோட மல்லுக்கட்டறான். இழுத்துக்கிட்டிருக்கும்போது சங்கிலி அறுந்தா பெண்டு பாதியில நிக்கணும். இது அச்சா நேரா நிக்குது. செத்தவன் எழுந்து வந்து வேலையை முடிப்பானா? குன்வோர் சர்ச்சுக்குப் போனதும் வேற சங்கிலி மாட்டி, பொணத்தைப் பக்கத்துல வச்சுக்கிட்டே நிமித்தியிருக்கே! எப்படிடா மனசு வந்துச்சு?"

சோல்வே மூச்சு வாங்கினான். கண்ணில் துளி வருத்தம் இல்லை.

"இருபது வருஷமா எனக்குக் குடுடான்னு கெஞ்சினேன். குடுக்கல. கொண்டுபோய்ப் பாறையில மோதினான். சரி, தொலையுதுன்னு விட்டேன். போன வாரம் காஸ் டார்ச்சை வச்சு சேசிஸைச் சூடு காட்டினான்! சூடு காட்டினா இரும்போட உயிரே போயிடும். அன்னிக்கு ராத்திரியே ரம்பத்தை எடுத்துட்டேன்."

"இரும்போட உயிர் போயிடும்னு மனுஷன் உயிரை எடுத்தியா?"

"மனுஷன் நிறைய இருக்கான். அந்த வண்டி ஒண்ணுதான் இருக்கு."

"அவன் செத்ததும் ஓடாம ஏண்டா இங்கேயே நின்னே?"

"அவன் சாகும்போது நிஜமாவே நாலு மில்லி பாக்கி இருந்துச்சு. அப்படியே விட்டுட்டுப் போக மனசு வரல. அவன் தலை இடைஞ்சலா இருந்துச்சு... காலால நகத்திட்டேன்."

குன்வோர் வாயைப் பொத்திக்கொண்டாள்.

விலங்கு கை மாறியது. அவனை இழுத்துக்கொண்டு போனார்கள். வாசலில் நின்று திரும்பினான். கெஞ்சினான்.

"குன்வோர்... வண்டியை மட்டும் எண்ணெய் தடவி மூடி வை. துரு ஏறிடும்..."

குன்வோர் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். முதல் தடவையாகச் சிரித்தாள். அந்தச் சிரிப்பைப் பார்த்து டாக்னியே ஒரு அடி பின்வாங்கினாள்.

"வழக்கு முடியட்டும். பழைய இரும்பு நசுக்கற மெஷினுக்கு அனுப்பறேன். ஒரு பெட்டி அளவுக்குச் சின்னதாக்கிடுவாங்களாம்."

"ஐயோ! வேண்டாம்! குன்வோர், வேண்டாம்!"

ஹில்டிங் செத்தபோது ஒரு சொட்டுக் கண்ணீர் விடாதவன், மண்டியிட்டு ஓலமிட்டான்.

"பயப்படாத சோல்வே. நசுக்கினதும் மூலைக்கு மூலை அளந்து, ஜெயிலுக்கு லெட்டர் போடறேன்!"